ஓடு முதலில், முகப்பு அப்புறம்: ஆச்சியின் கேள்வி பதில்

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இருப்பது காரைக்குடியில். வீட்டுச் செலவு, கல்யாணச் சீர், நகை, பழைய வீடு, இவற்றைப் பற்றிக் கேளுங்கள். சமையல் குறிப்பும் ஜாதகமும் என்னிடம் கிடைக்காது.

கோட்டையூர்க்காரர், இப்போது சென்னையில்: ஆச்சி, தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அம்மா, வழக்கப்படி சீர்ச் சாமான்களை எல்லோரும் பார்க்கப் பரப்பியே ஆக வேண்டும் என்கிறார். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று பட்டியல் நீள்கிறது. தங்கை குடிபோவதோ வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. எதை வெட்டுவது?

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள் தம்பி. வழக்கத்தை வைத்தே வழக்கை முடிக்கலாம். சாமான் பரப்புவது நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வழக்கம் என்றால், வேறு வைப்பதும் நம் வழக்கம்தானே? வெளியூர் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்காது. கல்யாணம் ஆன மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறை, பின்கட்டில் ஒரு அடுப்படி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, புளி, கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று பெரியவர்கள் அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். அப்பச்சி, அதாவது அப்பா, லட்சாதிபதியாக இருந்தாலும் இதே கதைதான். விசேஷ நாளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது தனிக் கணக்கு.

அந்த அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்று உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடலாம். எத்தனை வெள்ளிக் குடம் வேண்டும் என்று அப்படிச் சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டில் எத்தனை, எதிர்வீட்டில் எத்தனை என்று எட்டிப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

ஆகவே அம்மாவின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் இது மாதத்தில் எத்தனை நாள் புழங்கும் என்று எழுதச் சொல்லுங்கள். அம்மாதான் எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார். குக்கர், இட்லிப் பானை, இருப்புச் சட்டி, மிக்ஸி, மெத்தை எல்லாம் நிற்கும். பித்தளை அண்டா நிற்காது. ஒரு வெள்ளி விளக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அது அம்மாவின் சந்தோஷம். மிச்சமாகும் பணத்தைத் தங்கை பெயரில் வைப்பில் போடுங்கள். மாப்பிள்ளை பெயரிலோ உங்கள் பெயரிலோ வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதற்கு மேல் என்றால் இன்னொரு வங்கியில் போடுங்கள்.

பள்ளத்தூர் வாசகி: பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. கல்யாணம் வருவதால் முகப்புக்குப் பெயின்ட் அடிக்க எல்லோருமாகப் பணம் போட்டிருக்கிறோம். உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் மழைக்கு ஒழுகுகிறது. அங்கே விருந்தாளி யாரும் வரப் போவதில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாமா?

கூடாது. ஓடு முதலில், முகப்பு அப்புறம்.

நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். குரங்கு புரட்டிப் போட்டது நாலு ஓடாக இருக்கும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் கைமரத்தை நனைக்கும், அப்புறம் உத்திரம், அதன் பிறகு சுவர். தேக்குத்தானே, தாங்கும் என்பார்கள். ஒரே இடத்தில் மழைக்கு மழை நனைந்தால் எந்த மரமும் தாங்காது. கூடவே ஒரு ஆலங்கன்று முளைத்துவிட்டால் வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளந்துகொண்டு போகும். இப்போது ஓடு மாற்றுகிற செலவில் முடியும், நாளைக்கு உத்திரம் மாற்றுகிற செலவாகும். அந்த உத்திரத்துக்கு மரம் எங்கே போய் வாங்குவீர்கள்?

இன்னொன்று. ஒழுகுகிற இடத்தைச் சிமென்ட் வைத்து அடைக்கிறேன் என்று ஒரு கொத்தனார் வருவார். விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு சுவரைப் பொரிய வைக்கும். முகப்புக்கு நீங்கள் நினைக்கிற பெயின்டும் அப்படித்தான். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துத் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு துடைத்தாலே பளபளக்கும். அதன் மேல் டப்பா பெயின்டை அடிக்கக் காசு கொடுப்பானேன்? ஈரத் துணியால் துடைத்து, மாவிலைத் தோரணம் கட்டுங்கள். கல்யாண வீடாகத்தான் தெரியும்.

புதுவயல் தம்பி: சம்பளம் 28,000. ஒரு போன் பார்த்து வைத்திருக்கிறேன், 1.3 லட்சம். வட்டியில்லாத் தவணை 12 மாதம். வட்டியே இல்லை என்கிறபோது தப்பு என்ன?

மாதம் 10,800 ரூபாய்க்கு மேல் போகும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம், அதுவும் ஒரு வருஷம். வட்டி இல்லை என்பதையும் நம்பாதீர்கள். ரொக்கம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி தவணையில் பெரும்பாலும் கிடைக்காது. செயல்முறைக் கட்டணம் இருக்கும், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு மாதம் தவறினால் அபராதம். கிரெடிட் கார்டில் பாக்கி நின்று மாதம் 3.5 சதவீதம் என்று ஏறினால் வருஷத்துக்கு 42. கந்துவட்டி என்று நாம் திட்டுகிறவர்களில் சிலர் இதைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். கையிலிருக்கும் போன் பேசுகிறதா? அப்படியானால் பேட்டரியை மாற்றுங்கள்.

காளையார்கோவில்: நல்ல உப்புக்கறிக்கு என்ன மிளகாய் போடுவது ஆச்சி?

முதல் பத்தியைப் படியுங்கள்.

குன்றக்குடி: மகன் கல்யாண வரவேற்புக்கு டிரோன் படப்பிடிப்பு, மேடை அலங்காரம் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகிறது. மனைவியின் நகை 20 சவரன் இருக்கிறது. அடகு வைத்து மெதுவாக மீட்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் உட்கார்ந்திருந்த மேசை இது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் விதைநெல்லுக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் மீட்டார்கள். அந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு வரவோ ஒரு நிம்மதியோ இருக்கும். வரவேற்புக்காக வந்தவர்கள் வட்டியை மட்டும் கட்டி வருஷா வருஷம் திருப்பி வைத்தார்கள். பந்தல் பிரித்த பிறகு அந்தச் செலவு எதையும் சம்பாதித்துக் கொடுக்காது அல்லவா?

அடகில் உங்கள் 20 சவரனை, அதாவது 160 கிராமை, அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல் எடை, அரக்கு எடை கழியும். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதற்கும் மதிப்பில்லை. மீதித் தங்கத்தின் மதிப்பு முழுவதற்கும் கடன் தர மாட்டார்கள், ஒரு பங்குக்குத்தான். கட்டாமல் விட்டால் ஏலம். நகை மனைவியுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? அதை எழுதவில்லை.

ஆ. தெக்கூர்: 95,000 ரூபாய் போன், 18 மாதத் தவணை, வாங்கலாமா?

புதுவயல் தம்பிக்குச் சொன்னதுதான்.

நாச்சியாபுரம்: எங்கள் வீட்டு நிலைக்கதவுக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடையிலிருந்து விலை கேட்டு வந்தார்கள். வீடு பூட்டித்தான் கிடக்கிறது. விற்றால் காருக்கு முன்பணம் ஆகும்.

பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா? கதவு உங்கள் பங்கில் இருந்தாலும் வீடு பொது. நிலையைப் பெயர்த்தால் மேலே இருக்கிற சுவரின் பாரம் எங்கே போய் நிற்கும் என்றும் யோசியுங்கள். வைத்தியச் செலவுக்கு என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். காருக்கு வேண்டாம்.

கானாடுகாத்தானில் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பவர்: கோபிக்காதீர்கள் ஆச்சி. எல்லோரையும் அளந்து செலவு செய்யச் சொல்கிறீர்கள். பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் இறக்கித் தெருவுக்குத் தெரு அரண்மனை கட்டியவர்கள் எதை அளந்தார்கள்? நான் தினமும் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவதே அந்த ஆசையைத்தான்.

இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்த வீட்டில் வளவு தேவைக்குக் கட்டியது. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய்விடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் ஒரே கூரைக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, நடுவே வெளிச்சமும் காற்றும் மழைத்தண்ணீரும் வரத் திறந்த முற்றம். கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும் இழவும் வீட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். மண்டபம் ஏது அப்போது? அதெல்லாம் சரிதான். முகப்பு மட்டும் எதிர்வீட்டைப் பார்த்து வளர்ந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

பர்மாவில் நடந்ததையும் உங்கள் விருந்தாளிகளுக்குச் சொல்லுங்கள். கடன் கொடுப்பதுதான் இவர்கள் தொழில், விவசாயம் இல்லை. 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, கடனுக்கு ஈடாக வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் இவர்களிடம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சல் அதில் உண்டு. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், சுதந்திரத்துக்குப் பின் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1963இல் வங்கிகளும் அரசுடைமையாகிப் போயின. இங்கே பல வீடுகளில் கதவும் தூணும் கடைக்குப் போனதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஆத்தங்குடியிலிருந்து ஒருவர்: நடுவில் வருகிறேன். எங்கள் ஐயா தரைக்கல் பட்டறையில் வேலை பார்த்தவர். நீங்கள் ஆசை என்று தள்ளுவதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. எல்லோரும் அளந்து செலவு செய்திருந்தால் ஆத்தங்குடிக் கல் என்று ஒன்று இருந்திருக்குமா?

இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மார்பிள்தான் கப்பலில் வந்த ஆசை. உங்கள் கல், உள்ளூர் மணலும் சிமென்டும் சாயமும் சேர்த்துக் கண்ணாடி மேல் ஊற்றி, கையால் செய்து தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் குளிரும், புழங்கப் புழங்க மினுங்கும். வீட்டுக்குத் தரை வேண்டும், இது நல்ல தரை. கைவேலைக்குக் கொடுக்கிற காசை வீண் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கடன் வாங்கி, அடுத்தவன் கண்ணுக்காகச் செய்கிற செலவைத்தான் சொல்கிறேன். மூன்று அறைக்குக் கல் போட வசதி இருக்கிறவர் மூன்று அறைக்குப் போடட்டும், எட்டு அறைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

தேவகோட்டை வாசகி: வேறு வைப்பதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். எங்கள் ஆயாவுக்கு அளந்து கொடுத்ததில் பிள்ளைகளுக்குப் பால் போதவில்லை. கூடக் கேட்கக் கணக்குப்பிள்ளை முன்னால் போய் நின்றாராம். படி ஒருவர் கையில், வயிறு இன்னொருவருக்கு. இதில் தேவை எது என்று யார் முடிவு செய்தார்கள்?

இதற்கு எதிர்வாதம் இல்லை ஆத்தா. படியைப் பிடிக்கிற கை ஒன்றாகவும் சோறு தின்கிற வாய் வேறாகவும் இருந்தால் அந்த அளவு நியாயமாக இருக்காது. அதனால்தான் கோட்டையூர்க்காரரிடம் அம்மாவே எழுதட்டும், பணம் தங்கை பெயரில் இருக்கட்டும் என்றேன். குன்றக்குடிக்காரரிடம் மனைவியைக் கேட்டீர்களா என்றதும் அதனால்தான். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டி மறுபடி: அப்படியானால் அரண்மனை வீண் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்?

பாதி. அதே காசு வேறு மாதிரியும் போயிருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் திறந்த அந்த மின்வேதியியல் ஆய்வகம் இன்றும் காரைக்குடியில் நடக்கிறது. உங்கள் சுற்றுலா வண்டி அந்த வாசலில் நிற்பதில்லை. இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துவோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

திருப்பத்தூர்: போன் தவணை பற்றி…

இல்லை.

கீழச்செவல்பட்டி: பூட்டிய வீட்டுக்கு வெள்ளை அடித்து வாடகைக்கு விடலாமா?

ஓட்டின் மேல் ஆளை ஏற்றிப் பார்த்தீர்களா? முதலில் அது.

காரைக்குடி, 62 வயது: பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். பென்ஷன் வருகிறது. ஒரு கண்டாங்கிச் சேலை வாங்க ஆசை. இந்த வயதில் தேவையா என்று மருமகள் கேட்கிறாள்.

வாங்குங்கள். கைத்தறி பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, விசைத்தறியில் போலியும் வருகிறது. மருமகளுக்கும் ஒன்று எடுங்கள், கேள்வி நின்றுவிடும்.

சிங்கம்புணரி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, இன்சூரன்ஸ் இல்லை. என் வண்டி பழசாகிவிட்டது, புதுசு மாற்ற 40,000 சேர்த்திருக்கிறேன். எதை முதலில் செய்வது?

இன்சூரன்ஸ். 65 வயதுக்கு மேல் எடுக்க முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், 2024இலிருந்து அந்த வயது வரம்பு இல்லை. ஆனால் வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம், அந்த எண் எந்த பாலிசியில் குறைவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள், ஏஜென்ட் மறைக்கச் சொன்னாலும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பம் கொடுங்கள். வண்டிக்கு டயரும் பிரேக்கும் மாற்றுங்கள், ஓடும்.