நாய் பின்பக்கத்தைத் தேய்த்தால், பூச்சி மாத்திரைக்கு முன்னால் வாலைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பிட்ஸுக்கு நாலு வயது, எடை ஒன்பது கிலோ. இரண்டு வாரமாகத் தார்சாவில் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறது. பூச்சியாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் மருந்துக்கடையில் ஆல்பெண்டசோல் வாங்கிக் கொடுத்தோம். பத்து நாளாகியும் நிற்கவில்லை. அது படுக்கும் சாக்கில் கருவாட்டு வாடை அடிக்கிறது. காலையில் பால்சோறு, ராத்திரி புரோட்டா சால்னா போடுகிறோம். என்ன செய்ய?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பாதி விடை அந்தக் கருவாட்டு வாடையிலேயே இருக்கிறது. பூச்சியால் அந்த வாடை வராது. நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. டாக்டர்கள் ‘ஆனல் கிளாண்ட்’ என்பார்கள். கடிகார முகமாக நினைத்துப் பார்த்தால் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இருக்கும். மலம் கெட்டியாக வெளியேறும்போது இந்தப் பைகள் அழுந்தி, உள்ளே ஊறும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். மலம் இளகலாகவே போனால் அழுத்தம் கிடைக்காது. நீர் தேங்கி, களிம்பு போலக் கெட்டியாகி, ஊசித் துளை அளவுள்ள வாயை அடைத்துக்கொள்ளும். அந்த இறுக்கமும் அரிப்பும் தாங்காமல்தான் நாய் தரையில் தேய்க்கிறது. ஸ்பிட்ஸ், பக், டாஷண்ட் மாதிரி சின்ன நாய்களுக்கு இது அதிகம்.

ஆல்பெண்டசோல் இங்கே உதவாது. நாய்க்கு அது பொருத்தமான மருந்தும் இல்லை. அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். தேய்க்க வைக்கக்கூடிய பூச்சி ஒன்று இருக்கிறது, நாடாப்புழு. அதற்கு வேலை செய்வது பிராசிக்வான்டல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். உங்கள் நாய்க்குச் சுமார் 45 மில்லிகிராம் வரும். கால்நடை மருந்துக்கடைகளில் பத்து கிலோவுக்கு ஒரு மாத்திரை என்று விற்கும் கூட்டு மருந்துகள் பலவற்றில் இது 50 மில்லிகிராம் இருக்கும். அட்டையில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் நாடாப்புழு இருப்பது தெரிந்த பிறகு கொடுத்தால் போதும்.

இப்போது வாலைத் தூக்கிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடியில் வெள்ளரி விதை போல வெள்ளையாக, சில சமயம் நெளிந்துகொண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. காய்ந்தபின் எள் மாதிரி சுருங்கிவிடும். இந்தப் புழு நாய்க்குத் தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. உடம்பைக் கடித்து அரிக்கும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடும், புழு உள்ளே வளரும். மாத்திரை கொடுத்தும் தெள்ளை விட்டுவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி துண்டுகள் தெரியும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று பலர் நினைப்பது இதனால்தான்.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க, பேன்சீப்பால் முதுகின் கடைசியில், வால் தொடங்கும் இடத்தில் வாரி, விழும் கருப்புத் தூளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். சாரல் காலத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் தெள்ளு பெருகும். சாக்கைக் கொதிக்கும் நீரில் முக்கி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தை எடுத்து நாய் மேல் தெளிக்காதீர்கள். எடைக்கேற்ற நாய் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குவதே சரி.

முடியில் மலம் காய்ந்து ஒட்டி, தோல் எரிச்சலெடுத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுங்கள். பிய்க்க வேண்டாம். அந்த இடத்து முடியைக் கத்தரித்துவிடலாம்.

துண்டும் இல்லை, ஒட்டலும் இல்லை, வாடை மட்டும் இருக்கிறது என்றால் பைகள்தான். முதல் தடவை டாக்டரே செய்யட்டும். அவர் கையுறை விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு பையையும் முழுக்கக் காலி செய்வார். வெளியிலிருந்து அழுத்தினால் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் வரும். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் செய்வதானால், கையுறை போட்டு, ஈரப் பஞ்சை ஆசனவாய் மேல் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பைகளுக்கு வெளிப்புறம் கீழே பட, மெதுவாக உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். மஞ்சளோ பழுப்போ கலந்த நீர் வருவது இயல்பு. பற்பசை போல வந்தால் தேக்கம். இரண்டு முயற்சியில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், பலமாகப் பிதுக்கினால் பை உள்ளேயே கிழியும். தொந்தரவு இல்லாத நாய்க்கு மாதாமாதம் பிதுக்குவது வேண்டாத வேலை, அதனாலேயே வீக்கம் வரும்.

சீழ், ரத்தம், ஒரு பக்கம் சிவந்த வீக்கம், தொட்டால் கத்துவது இவற்றில் ஒன்று இருந்தாலும் கை வைக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். அது உடைந்து ஓட்டையாகும். வேப்பெண்ணெய், மஞ்சள், டெட்டால் எதுவும் போட வேண்டாம். டாக்டரிடம் போகும்வரை, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, துணியால் ஐந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம்.

மறுபடி தேங்காமல் இருக்கச் சாப்பாட்டை மாற்றியாக வேண்டும். பாலைப் பல நாய்களால் செரிக்க முடியாது, மலம் இளகும். புரோட்டாவின் எண்ணெயும் சால்னாவின் காரமும் அப்படியே. அதைவிடப் பெரிய ஆபத்து சால்னாவில் கரைந்திருக்கும் வெங்காயம், நாயின் சிவப்பணுக்களையே உடைக்கும். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ சோற்றோடு பிசைந்து, அவித்த பூசணிக்காய் இரண்டு டீஸ்பூன் சேருங்கள். தடியங்காய் அல்ல, மஞ்சள் நிறக் காய். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்திருந்தால் எடையும் குறைய வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் மூன்று நாலு வாரத்துக்கொரு தடவை பை நிறைந்தால், தோல் ஒவ்வாமை இருக்கலாம். பாதத்தை நக்குகிறதா, காதைச் சொறிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். வயதான நாய்க்குப் பை இருக்கும் இடத்தில் கெட்டியான கட்டி தென்பட்டாலோ, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடித்தாலோ, புற்றுக்கட்டியா என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே பைகளைக் காலி செய்துவிடலாம். சீழ் பிடித்திருந்தால், கட்டி தெரிந்தால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அன்று காலை போன மலத்தில் கொஞ்சம் மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொண்டு, கொடுத்த மருந்தின் அட்டையையும் கையில் வைத்திருங்கள்.