பம்ப் நன்றாக ஓடுகிறது, அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. இதயம் பலவீனமாகி ஒன்றரை வருடத்துக்கு முன் எல்.வி.ஏ.டி. பம்ப் (இதயத்தின் இடது கீழறைக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் கருவி) பொருத்தினார்கள். இரண்டு மாதமாகப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் ரத்த ஓட்டம் முன்பைவிடக் கூடுதலாகத்தான் காட்டுகிறது. எக்கோ பார்த்துவிட்டு மகாதமனி வால்வு (இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும் வழியில் உள்ள கதவு) கசிகிறது என்கிறார்கள். நன்றாக இருந்த வால்வு எப்படிக் கெட்டது டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் கன்ட்ரோலர் காட்டும் ரத்த ஓட்டக் கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். அது நேரடியாக அளந்தது இல்லை, பம்ப் இழுக்கும் மின்சாரத்தையும் சுற்றும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. கிணற்று மோட்டார் தொட்டிக்கு ஏற்றும் தண்ணீரில் பாதி மறுபடி கிணற்றிலேயே விழுந்தால் என்ன ஆகும்? மோட்டார் விடாமல் ஓடும், வீட்டுக் குழாயில் நூல் மாதிரிதான் வரும். அப்பாவுக்கும் அப்படித்தான். பம்ப் இடது கீழறையிலிருந்து உறிஞ்சி மகாதமனிக்குள் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு, ஒழுகும் வால்வு வழியாக அதே அறைக்குத் திரும்பிவிடுகிறது, பம்ப் அதையே மறுபடி ஏற்றுகிறது. உடம்புக்குப் போவது குறைகிறது, நுரையீரலில் நீர் தேங்குகிறது.

சாதாரணமாக இந்த வால்வு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். பம்ப் வந்தபின் ரத்தம் வேறு பாதையில் போவதால் பலருக்கு அது திறப்பதே இல்லை, மேலிருந்து அழுத்தம் மட்டும் இடைவிடாமல். இதழ்களின் ஓரம் ஒட்டிக்கொண்டு, நடுவில் இடைவெளி விழுகிறது. அப்பா சாப்பிட்டதோ நீங்கள் கவனிக்கத் தவறியதோ காரணமில்லை.

உங்கள் கையில் இருப்பது ரத்த அழுத்தம். பம்ப் வைத்துக்கொண்டவர்களுக்கு நாடியே சரியாகத் தட்டுப்படாது, வீட்டு மெஷின் பல நேரம் எண் காட்டாது, அதனால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி) வைத்துத்தான் பார்க்க வேண்டும், சராசரி அழுத்தம் 90-ஐத் தாண்டவே கூடாது. உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள். பம்ப் வேகத்தைக் குறைத்தால் வால்வு அவ்வப்போது திறக்கும், சரி, ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவருக்குக் குறைத்தால் நீர் இன்னும் தேங்கலாம், ஆகவே எக்கோ பார்த்துக்கொண்டேதான் மருத்துவர் மாற்றுவார். கசிவு கூடிவிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைக்கலாம், ஆனால் சுண்ணாம்பு படியாத வால்வில் அது பிடித்து நிற்பது சிரமம் என்பதால் அனுபவமுள்ள இடம் வேண்டும். மாற்று இதயத்துக்கு ட்ரான்ஸ்டானில் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) அப்பா பெயரைப் பதிய முடியுமா என்றும் இப்போதே கேளுங்கள்.

மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவே பம்ப் பொருத்திய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.