பழைய ஆடி டிடி கார் வாங்க ஆசை: 15 லட்சம் கடன் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் ஒரு பம்ப் நிறுவனத்தில் மேலாளர். கைக்கு வரும் சம்பளம் மாதம் 2.4 லட்சம். வீட்டுக் கடன் தவணை 58,000, எஸ்ஐபி 25,000, வீட்டுச் செலவு 1.05 லட்சம். எஃப்டியில் 14 லட்சமும் மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சமும் இருக்கின்றன. ஃபண்டில் 20 லட்சம் மகளின் கல்லூரிப் படிப்புக்கு. பெங்களூரில் 2016 மாடல் ஆடி டிடி கூபே (இரண்டு கதவு கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர், 26 லட்சம் கேட்கிறார். இந்தக் கார் மீது எனக்குப் பல வருட ஆசை. உற்பத்தி நின்றுவிட்டதால் இனி விலை இறங்காது, முதலீடு மாதிரி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 15 லட்சம் கடன் போட்டு வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த முதலீட்டுப் பேச்சை விட்டுவிடுங்கள். 2023-இல் டிடி உற்பத்தி நின்றது உண்மைதான். ஆனால் இங்கே இரண்டு கதவு வைத்த பழைய ஜெர்மன் காரைத் தேடி வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. நீங்கள் விற்க நினைக்கும் மாதத்தில் ஒருவர்கூட வராமல் போகலாம். 2015-இல் இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலையே சுமார் 60 லட்சம். அந்தச் சரிவில் பெரும்பகுதியை முதல் ஓனர் தாங்கிவிட்டார், அது உங்களுக்கு நல்லது. அதற்காக மிச்சம் சரியாது என்று அர்த்தமில்லை. பிடித்திருக்கிறது என்பதே வாங்கப் போதுமான காரணம். நல்ல காரை ரசித்து ஓட்டுவதற்குச் செலவழிப்பதை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பணத்தில் வாங்குகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

பழைய காருக்கான கடன் 14 சதவீத வட்டியில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சத்துக்கு ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 34,900. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 5.9 லட்சம். எல்லாச் செலவும் போக உங்களிடம் மிஞ்சுவது 52,000. தவணை கட்டியபின் 17,000 இருக்கும். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. கிரெடிட் கார்டில்தான் போய் நிற்கும்.

கடனே இல்லாமல் பார்ப்போம். மகளின் 20 லட்சத்தைத் தொடக் கூடாது. மீதி 32 லட்சம். ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் 10 லட்சம் ஒதுக்கினால் காருக்கு 22 லட்சம். வண்டி 26, அதன்மேல் வரி, இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 5. ஆக 9 லட்சம் இடிக்கிறது. மிஞ்சுகிற பணத்தில் மாதம் 50,000 தனிக் கணக்கில் போட்டால் ஒன்றரை வருடத்தில் சேர்ந்துவிடும். இந்த வண்டியை விட்டுக்கொடுப்பது வலிக்கும், தெரியும். இருந்தாலும் என் யோசனை காத்திருப்பதுதான்.

பெங்களூர் வண்டி என்பது இன்னொரு தயக்கம். கர்நாடகப் பதிவை இங்கே மாற்ற, அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 முதல் இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அந்த வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள் என்றாலும் இந்த விலைக் காருக்குத் தொகை லட்சங்களில்தான் வரும். அங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், பணம் வர நாளாகும். அதனால் தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டிக்கு ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகச் சொன்னாலும் பல சமயம் அதுதான் லாபம்.

எதைப் பார்க்கப் போனாலும், வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள். ஆறிய என்ஜின் கிளம்பும்போது வரும் சத்தம் நிறையச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3216 என்றால் 2016-இன் 32-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரில் தரையில் படும் கட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிருக்கும், நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இந்த டூ லிட்டர் டர்போ என்ஜினில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பகுதியில் கூலன்ட் கசிவது தெரிந்த கோளாறு. நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் குவாட்ரோ அமைப்பில், பின்சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்சின் எண்ணெயைக் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மூன்று வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய வண்டிகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பில்லைக் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ஆர்சியில் வங்கிப் பெயர் இருக்கிறதா, அதாவது வண்டி மேல் கடன் பாக்கி உள்ளதா என்பதையும் அரசின் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பேர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், எனவே பிரீமியத்தைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒன்று. கோவையில் இருப்பதால் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ரேஸ், வேகச் சோதனை இரண்டுக்கும் சாதாரண கார் பாலிசியில் இழப்பீடு கிடையாது. அங்கே இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது.

ஃபண்டை விற்கும் நேரம் வந்தால் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றுக்கொள்ளுங்கள். ஈக்விட்டி ஃபண்டின் நீண்ட கால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் அந்த விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.