ஒரு போட்டானையும் தவறவிடாமல்: எக்ஸ்ரே டிடெக்டர் கேள்வி பதில்

எலெக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும் சிங்க்ரோட்ரான்களிலும், மிகக் குறுகிய துடிப்புகளாகக் கதிர் தரும் எக்ஸ்ரே லேசர்களிலும் படம் பிடிக்கிற டிடெக்டர்களைச் செய்யும் குழு ஒன்றில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். சிப்பை வடிவமைப்பவர்கள் வேறு. அது ஃபவுண்டரியிலிருந்து, அதாவது சிப் தொழிற்சாலையிலிருந்து, வந்த பிறகு சோதிப்பது, காலிப்ரேட் செய்வது, எக்ஸ்ரே கதிர் வந்து சேரும் சோதனைக்கூடமான பீம்லைனில் கொண்டுபோய் நிறுத்துவது, ராத்திரியில் கோளாறு வந்தால் எழுந்து ஓடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. கேட்டவர்கள் எல்லாருக்கும் நன்றி. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நடராஜன், மதுரை: ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன் அம்மா. ஃபிலிம் கழுவும் ஃபிக்சர் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. நீங்கள் சொல்கிற டிடெக்டரும் இப்போது ஆஸ்பத்திரியில் வந்திருக்கிற டிஜிட்டல் பிளேட்டும் ஒன்றுதானா?

வணக்கம் ஐயா. சிங்க்ரோட்ரானிலும் முதலில் உங்கள் ஃபிலிம்தான். அப்புறம் இமேஜ் பிளேட் வந்தது, அதற்குப் பின் பாஸ்பர் திரையும் சிசிடி கேமராவும். ஆஸ்பத்திரி பிளேட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயை முதலில் வெளிச்சமாக மாற்றி, அந்த வெளிச்சத்தைத்தான் அளக்கின்றன. வெளிச்சம் போகிற வழியில் பரவும், படம் கொஞ்சம் மங்கும். நாங்கள் செய்வதில் நடுவே வெளிச்சம் கிடையாது. சிலிக்கானில் விழுந்த எக்ஸ்ரே நேராக மின்னூட்டமாகிறது.

இன்னொரு வித்தியாசம்தான் பெரியது. நீங்கள் எடுத்தது எலும்பின் நிழல். நாங்கள் பெரும்பாலும் பிடிப்பது ஒரு படிகத்திலோ புரதத்திலோ பட்டுச் சிதறி வரும் கதிரை. ஒரு புள்ளியில் ஆயிரக்கணக்கான போட்டான், அதாவது கதிரின் தனித்தனித் துகள், விழும், பக்கத்தில் ஒன்றே ஒன்று விழும். அந்த ஒன்றும் வேண்டும். ஃபிலிமில் அந்த ஒன்று மூட்டத்தோடு மூட்டமாகக் காணாமல் போயிருக்கும்.

செல்வி, திருச்சி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன் அக்கா. ‘ஹைப்ரிட் பிக்சல்’ என்கிறார்களே, எதோடு எதைச் சேர்க்கிறார்கள்?

இரண்டு சிலிக்கான் துண்டுகளை. மேலே இருப்பது சென்சார், சுத்தமான சிலிக்கான். பெரும்பாலும் 320 அல்லது 450 மைக்ரான் தடிமன். கீழே இருப்பது சர்க்யூட் உள்ள சிப். மேலே ஒவ்வொரு பிக்சலுக்கும் நேர் கீழே அதற்கே உரிய ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இணைப்பது இண்டியத்தில் அல்லது சால்டரில் செய்த குட்டி உருண்டைகள்.

ஐகர் என்ற டிடெக்டரை எடுத்துக்கொள். ஒரு பிக்சல் 75 மைக்ரான். ஒரு சிப்பில் 256 வரிசை, வரிசைக்கு 256 பிக்சல், ஆக 65,536 உருண்டை. ஒரு மாட்யூலில் 8 சிப், அதாவது 5 லட்சத்துக்கு மேல். சிப்பைத் தலைகீழாகப் புரட்டி, சென்சாரோடு நேருக்கு நேர் வைத்து அழுத்தும்போது அத்தனையும் ஒட்ட வேண்டும். இண்டியம் நகத்தால் கீறினாலே கோடு விழுகிற உலோகம், அதனால்தான் இதற்குச் சரிப்படுகிறது. மாட்யூல் வந்ததும் நான் முதலில் செய்வது, சீராக எக்ஸ்ரே அடித்து, கறுப்பாக நிற்கும் பிக்சல்களைத் தேடுவது. தனித்தனியாக நாலைந்து இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலையில் பிறைநிலா போலக் கறுப்பு தெரிந்தால் அந்த மூலை ஒட்டவே இல்லை என்று அர்த்தம். வயிற்றைக் கலக்கும்.

சிலிக்கானில் ஒரு எலெக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஆகிறது. 12 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் போட்டான் ஒன்று வந்தால் சுமார் 3,300 எலெக்ட்ரான். எங்கள் கைக்கு வருவது அவ்வளவுதான்.

வரலாறும் ஒரு வரி: சுவிட்சர்லாந்தில் பால் ஷெரர் இன்ஸ்டிடியூட்டில் செர்ன் துகள் ஆய்வகத்தின் சிஎம்எஸ் பரிசோதனைக்காகத் துகள்களைப் பிடிக்கும் பிக்சல் டிடெக்டர் செய்துகொண்டிருந்தவர்கள், அதே அறிவை வைத்து 172 மைக்ரான் பிக்சலோடு பிலாடஸைச் செய்தார்கள். அதிலிருந்து 2006இல் டெக்ட்ரிஸ் நிறுவனம் பிறந்தது. பிலாடஸ், ஐகர், யுங்ஃப்ரா, மோன்ஷ் எல்லாமே சுவிஸ் மலைகளின் பெயர்கள்.

பிரவீன், ஓசூர்: செல்போன் கேமரா சென்சாரையே வைத்தால் என்ன?

அதில் வெளிச்சத்தைப் பிடிக்கிற சிலிக்கான் சில மைக்ரான்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பகுதி அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

அருண், சென்னை: சிங்க்ரோட்ரானில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் டிடெக்டரை எக்ஸ்ரே லேசரில், அதாவது ஃப்ரீ எலெக்ட்ரான் லேசரில், அப்படியே வைக்க முடியாது என்று படித்தேன். ஏன்?

இதுதான் நான் ஆசையாகக் காத்திருந்த கேள்வி.

கோயில் உண்டியல் திறக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை இரண்டு விதமாகக் கணக்கெடுக்கலாம். ஒவ்வொன்றாக எண்ணலாம், இல்லை மொத்தமாகத் தராசில் போட்டு எடையை வைத்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கலாம்.

பிலாடஸும் ஐகரும் எண்ணுகிறவை. ஒரு போட்டான் வந்தால் ஆம்ப்ளிஃபயரில் ஒரு துடிப்பு எழும். அது ஒரு வரம்பைத் தாண்டினால் கவுண்டரில் ஒன்று கூடும். வரம்பைப் போட்டான் ஆற்றலில் சரிபாதியில் வைப்போம். இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்த போட்டானின் மின்னூட்டம் இரண்டாகப் பிரிந்தாலும், அதிகம் வாங்கிய பிக்சல் மட்டுமே எண்ணும். சர்க்யூட்டின் இரைச்சல் வரம்பை எட்டவே எட்டாது. அதனால் ஒரு மணி நேரம் இருட்டில் வைத்தாலும் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம்தான். இந்தச் சுத்தம் வேறு எதிலும் கிடையாது.

ஆனால் எண்ண வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். சிங்க்ரோட்ரானிலேயே ஒரு பிக்சலுக்கு நொடிக்கு 10 லட்சம் என்ற அளவில் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சில விடுபடத் தொடங்கும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். லேசரிலோ ஒரு துடிப்பு சில பத்து ஃபெம்டோ நொடிதான். ஒரு பிக்சலில் 1,000 போட்டான் விழுகிறதென்றால் அந்த 1,000மும் ஒரே நேரத்தில் விழும். நம் ஆம்ப்ளிஃபயருக்குப் பல நானோ நொடி வேண்டும், பத்து லட்சம் மடங்கு மெதுவானது. எண்ணுகிற டிடெக்டருக்கு அது ஒரே ஒரு பெரிய துடிப்பு. ‘1’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

ஆக, லேசரில் எடைபோட்டே ஆக வேண்டும். வந்த மின்னூட்டம் மொத்தத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அருண், மறுபடி: சரி, தராசு என்றால் ஒரு நாணயத்தையும் 10,000 நாணயத்தையும் அதே தராசில் எப்படி?

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு போட்டானைப் பார்க்கச் சின்ன கெப்பாசிட்டர் வேண்டும், 3,300 எலெக்ட்ரானுக்கே வோல்டேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏற வேண்டும். ஆனால் அது சில பத்துப் போட்டானிலேயே நிரம்பிவிடும். பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் 10,000 தாங்கும், ஒரு போட்டான் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆழாக்கு, படி, மரக்கால் மாதிரிதான். மரக்காலில் ஒரு கைப்பிடி அரிசியை அளக்க முடியாது.

யுங்ஃப்ராவும், ஜெர்மனியில் உள்ள எக்ஸ்ரே லேசரான ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல்லில் இருக்கும் ஏஜிஐபிடி டிடெக்டரும் என்ன செய்கின்றன என்றால், எல்லாப் பிக்சலும் ஆழாக்கோடு தொடங்கும். வழியப்போகிறது என்று தெரிந்த உடனே அந்தப் பிக்சலின் சர்க்யூட் தானாகவே ஒரு படியைச் சேர்த்துவிடும், அதுவும் போதவில்லை என்றால் மரக்காலை. உள்ளே இருந்த மின்னூட்டம் சிந்துவதில்லை, பெரிய பாத்திரத்தில் பரவுகிறது. கடைசியில் பிக்சல் இரண்டு தகவல் தரும்: எந்த அளவு வரை நிரம்பியது, எந்தப் பாத்திரம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் ஒன்று ஆழாக்கிலும் இன்னொன்று மரக்காலிலும் நிற்கலாம். இங்கிலாந்தில் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் செய்த எல்பிடி என்ற டிடெக்டர் வேறு வழி: மூன்று பாத்திரத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டு, எது சரியாக இருக்கிறதோ அதைப் பிறகு எடுத்துக்கொள்வது.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த இரண்டு ஆழாக்கும் ஒரே அளவு கிடையாது! ஏஜிஐபிடியில் சுமார் 10 லட்சம் பிக்சல், அடுத்தடுத்த படங்களைச் சேர்த்து வைக்கப் பிக்சலுக்கு 352 நினைவு அறை, மூன்று பாத்திரம். கதிரே இல்லாதபோது காட்டும் பூஜ்ய அளவுக்கே 110 கோடி எண்கள் வேண்டும். எங்கள் வேலையில் பெரும்பாதி இந்த எண்களைச் சரியாக வைத்திருப்பதுதான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கவிதா, கோவை: அந்த எண்கள் தப்பாகப் போனால் என்ன ஆகும்? அனுபவம் உண்டா?

உண்டு. எங்கே என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஷிப்ட். குளிரூட்டும் நீரின் பம்ப் நின்று, திரும்ப ஓடியது. வெப்பநிலை முன்னைவிட ஒரு டிகிரி தள்ளி நின்றது. ‘டார்க்’, அதாவது கதிர் இல்லாமல் எடுக்கும் பூஜ்யப் படம், மறுபடி எடுக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். தனித்தனிப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. விடிகாலையில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பல ஆயிரம் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தாள். மெல்லிய வளையம் இருக்க வேண்டிய இடத்தில் 256 பிக்சலுக்கு ஒரு கோடு. எந்தப் பொருளும் சரியாக 256 பிக்சலுக்கு ஒரு கோடு போடாது, அது சிப்பின் ஓரம். ஆறு மணி நேரத் தரவு போனது. அந்தப் பெண் அந்த பீம்டைமுக்காக, அதாவது கதிரைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரத்துக்காக, பல மாதம் காத்திருந்தவள். இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து மணிக்கொரு டார்க் எடுக்காமல் நான் ஷிப்டை நடத்த விட்டதில்லை.

துஷ்யந்தன், யாழ்ப்பாணம்: ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் நொடிக்கு 27,000 துடிப்பு தருமாம். அத்தனையையும் படம் எடுக்கிறீர்களா அக்கா? தரவு எவ்வளவு வரும்?

இல்லை தம்பி. 27,000மும் சமமாக இடைவெளி விட்டு வந்தால் எளிதாக இருந்திருக்கும். அவை நொடிக்கு 10 கூட்டமாக வருகின்றன, கூட்டத்துக்கு 2,700 வரை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 220 நானோ நொடிதான். அதற்குள் 10 லட்சம் பிக்சலையும் சிப்புக்கு வெளியே அனுப்ப வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் குட்டிக் கெப்பாசிட்டர்களில் படங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறோம். கூட்டம் 0.6 மில்லி நொடியில் முடிந்துவிடும், அடுத்த கூட்டம் வரும் வரை 99 மில்லி நொடி ஓய்வு. அப்போது நிதானமாக வெளியே எடுக்கலாம்.

ஏஜிஐபிடியில் 352 அறை, ஆக நொடிக்கு 3,520 படம். இன்னும் அறை வைக்கலாமே என்றால் பிக்சலில் இடமில்லை. 200 மைக்ரான் என்று பிக்சல் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணமே இந்த அறைகள்தான். ஆனால் ஒரு நல்ல வசதி உண்டு: ஒரு துடிப்பு வீண் என்று உடனே தெரிந்தால் அந்த அறையின் மேலேயே அடுத்த படத்தை எழுதிக்கொள்ளலாம்.

தரவு எவ்வளவு என்றும் கேட்டிருந்தீர்கள். பிக்சலுக்கு 2 பைட் என்று வைத்தால் நொடிக்கு 7 ஜிகாபைட்டுக்கு மேல். ‘எந்தப் பாத்திரம்’ என்ற தகவலும் அதே அளவு சேர்ந்தால் இரட்டிப்பு.

ரஹ்மான், துபாய்: இவ்வளவு எக்ஸ்ரே பட்டால் டிடெக்டரே கெட்டுப்போகாதா?

சிலிக்கான் படிகத்துக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் பயன்படுத்தும் ஆற்றலில் அணுவை இடம் பெயர்க்கும் சக்தி எக்ஸ்ரேக்கு இல்லை. அடி வாங்குவது மேலே பூசிய ஆக்சைடு. அதில் மின்னூட்டம் தேங்கிக் கசிவு மின்னோட்டம் கூடும். ஏஜிஐபிடி சென்சாரை 100 கோடி கிரே (உள்வாங்கிய கதிரின் அலகு) வரை தாங்கும்படி வடிவமைத்தார்கள். புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே தருகிறார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்க்கதிர் தாங்க மாட்டாது, அதற்காக டிடெக்டரின் நடுவே ஓட்டை விட்டிருக்கிறோம்.

மீனா, பெங்களூரு: உலோகங்களைத் துளைத்துப் பார்க்க ஆற்றல் கூடிய எக்ஸ்ரே வேண்டும். அதற்கும் சிலிக்கான்தானா?

20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே 320 மைக்ரான் சிலிக்கான் நாலில் ஒரு பங்கு சொச்சம்தான் பிடிக்கும். அதற்கு மேல் காட்மியம் டெலுரைடு, காலியம் ஆர்சனைடு என்று போக வேண்டும். ஆனால் எனக்கு இந்தப் படிகங்கள் மீது இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. படிகக் குறைகள் படத்தில் வலை வலையாகத் தெரிகின்றன, கதிர் பட்டுக்கொண்டிருக்கும்போதே அவை மாறவும் செய்கின்றன. போதாததற்கு, சுமார் 27, 32 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் காட்மியமும் டெலூரியமும் தாமே எக்ஸ்ரே உமிழ்ந்து பக்கத்துப் பிக்சலில் போடுகின்றன.

செல்வி, மறுபடி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலோ எலெக்ட்ரானிக்ஸோ, எதுவானாலும் சரி. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கையால் அளந்து பார். பைத்தான் கட்டாயம், எஃப்பிஜிஏ (உள்ளே சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) தெரிந்தால் எங்கும் வேலை உண்டு. அனலாக் சிப் வடிவமைப்பாளர்களுக்கு எங்கள் துறையில் எப்போதும் தட்டுப்பாடு. இந்தூரில் ஆர்ஆர்கேட் ஆய்வகத்தில் 2.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பீம்லைனையாவது நேரில் போய்ப் பார்.

அருண், கடைசியாக: அமெரிக்காவில் எல்சிஎல்எஸ்-2 என்ற எக்ஸ்ரே லேசர் நொடிக்கு 10 லட்சம் துடிப்பு வரை போகப் போகிறதாமே. அதற்கு டிடெக்டர்?

2023 செப்டம்பரில் அது முதல் எக்ஸ்ரேயைத் தந்தது. அங்கே துடிப்புகள் சீரான இடைவெளியில் வருவதால் நாங்கள் நம்பியிருந்த 99 மில்லி நொடி ஓய்வும் கிடையாது. 10 லட்சம் பிக்சல் படத்தை நொடிக்கு 10 லட்சம் முறை அப்படியே வெளியே எடுத்தால் நொடிக்கு 2 டெராபைட். அதை வைக்க இடமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. ஆகவே சிப்புக்குள்ளேயே முடிவெடுக்க வேண்டும்: போட்டான் விழுந்த பிக்சலை மட்டும் அனுப்பு, காலியானதை விடு என்று. எதை விடலாம் என்பதைச் சிப் முடிவு செய்யும் என்றால், அந்த முடிவை நான் எப்படிச் சரிபார்ப்பேன்? விட்டுவிட்ட போட்டானை எதை வைத்துத் தேடுவேன்? இப்போது என் மேசை மேல் இருக்கும் சோதனைச் சிப்பில் நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். செம்பு ஃபாயிலில் இருந்து வரும் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரேயை அடித்து, எல்லாப் பிக்சலையும் அனுப்பச் சொல்லி ஒரு தடவை, சிப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு தடவை, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். போன வாரம் வரை இரண்டும் ஒத்துப்போகவில்லை.