உற்பத்தி தேவையைவிட அதிகம், அப்புறம் வாரிய மின்சாரம் எதற்கு?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டை எட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதியாக நடத்துகிறோம். மொட்டை மாடியில் 20 கிலோவாட் சோலார், கூடவே 40 யூனிட் லித்தியம் பேட்டரி போடலாம் என்று ஒரு நிறுவனம், சோலார்-பேட்டரி அமைப்பு எப்படி ஓடும் என்று கணக்கிட்டுக் காட்டும் ஹோமர் மென்பொருளில் சிமுலேஷன் செய்து கொடுத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 29,000 யூனிட், எங்கள் தேவை 24,000 யூனிட். ஆனாலும் வாரியத்திலிருந்து 4,000 யூனிட் வாங்க வேண்டிவரும் என்கிறது. 6,500 யூனிட் உபரி வேறு. பேட்டரியை இரண்டு மடங்காக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் கூட்டிப் பாருங்கள். சோலார் 29,000, வாரியம் 4,000, ஆக வரவு 33,000. செலவில் உங்கள் தேவையும் உபரியும் சேர்ந்து 30,500. மீதி 2,500 யூனிட் பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் கழிகிற இழப்பு. கணக்கு இடிக்கவில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,450 யூனிட் என்பதும் நம் பக்கத்து வெயிலுக்கு நம்பக்கூடிய எண்தான். யாராவது 1,700, 1,800 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். மே மாதத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அந்த வெப்ப இழப்பைச் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் ஆண்டுக் கூட்டுத்தொகை. மின்சாரம் எத்தனை யூனிட் வந்தது என்பதைவிட எந்த மணிக்கு வந்தது, எந்த மணிக்குத் தேவைப்பட்டது என்பதே இங்கே முக்கியம். ஹோமர் ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. உங்களுக்குக் கிடைத்ததோ அதன் சுருக்கம் மட்டும். மணிவாரிக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எக்செல்லில் திறந்துவிடும். கொடுக்கத் தயங்குகிற நிறுவனத்திடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

அந்தக் கோப்பில் மே மாதத்தில் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். அறிக்கை ‘பேட்டரி தாங்கும் நேரம் 11.7 மணி’ என்று சொல்லியிருக்கும். 40 யூனிட்டில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய 80 சதவீதம், அதாவது 32 யூனிட்டை, ஆண்டு சராசரிச் சுமையான (வீடு ஒரு நேரத்தில் இழுக்கும் மின்சாரம்) 2.74 கிலோவாட்டால் வகுத்தால் வருவது அது. இரவு முழுக்கத் தாங்கும் என்று தோன்றும். ஆனால் மே மாத இரவில் உங்கள் வீட்டில் சராசரிச் சுமை எங்கே இருக்கிறது? மாலை ஆறரைக்குப் பொழுது சாய்ந்ததும் விளக்கு, மின்விசிறி, அடுப்படி என்று ஒன்பது மணிக்குள் 6 யூனிட் போய்விடும். அப்புறம் எட்டு அறையிலும் ஏசி ஓடினால் குறைந்தது 6 கிலோவாட். மிச்சமிருக்கும் 26 யூனிட் நாலேகால் மணி நேரத்தில் தீரும். இரவு ஒன்றரைக்குள் பேட்டரி காலி, விடியும்வரை வாரியம்தான். அதே நாள் நண்பகலிலோ, பேட்டரி நிறைந்த பிறகு இருபது யூனிட்டுக்கு மேல் போக இடமில்லாமல் நிற்கும். இப்படிப்பட்ட நாட்களில் இரண்டாவது பேட்டரி நிச்சயம் உதவும்.

இப்போது நவம்பருக்கு வாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் தொடர்ந்து மூடாக்கு போட்டால் பேட்டரியை நிரப்பவே வெயில் இல்லை. நாற்பது இருந்தாலென்ன, எண்பது இருந்தாலென்ன? பிப்ரவரியில் மிஞ்சியதை நவம்பருக்கு எடுத்துவைக்கும் பேட்டரி உங்கள் பட்ஜெட்டில் கிடையாது. இன்னொன்று: பல அறிக்கைகளில் வெயில் கணக்கு மாதச் சராசரியாகத்தான் உள்ளே போகிறது, மணிவாரி ஏற்ற இறக்கத்தை மென்பொருள் தானே கட்டிக்கொள்கிறது. தொடர்ச்சியான மழை நாட்கள் அதில் உள்ளபடி வருவதில்லை.

ஆக, பேட்டரியைப் பெரிதாக்குவதால் என்ன மிச்சமாகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளுக்கும் பகலில் உபரி எவ்வளவு, அன்றிரவு வாரியத்திலிருந்து வாங்கியது எவ்வளவு என்று இரண்டு எண் எடுங்கள். அவற்றில் சிறியதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது 32-ஐத் தாண்டினால் 32 என்றே வையுங்கள், இரண்டாவது பேட்டரி ஓர் இரவில் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். 365 நாளுக்கும் கூட்டி, பேட்டரி இழப்புக்குப் பத்து சதவீதம் கழியுங்கள். வருவதுதான் இரண்டாவது பேட்டரியால் ஏறக்குறைய அதிகபட்சம் மிச்சமாகும் மின்சாரம். உதாரணத்துக்கு அது 1,500 யூனிட் என்றும், யூனிட் 10 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 15,000 ரூபாய். பத்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். இன்னொரு 40 யூனிட் பேட்டரிக்கு அவர்கள் சொல்லும் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். பேட்டரியின் கொள்ளளவும் ஆண்டுக்கு ஆண்டு குறையும், உங்கள் அறிக்கை முதல் ஆண்டை மட்டும் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, 24,000 என்ற தேவை எண் எங்கிருந்து வந்தது என்பது. பழைய மின்கட்டணத்தை எடுத்து 365-ஆல் வகுத்து, தினமும் 66 யூனிட் என்று பரப்பியிருந்தால் அது உங்கள் விடுதியே அல்ல. செட்டிநாட்டில் ஒரு கல்யாணம், ஒரு கும்பாபிஷேகம் என்றால் மூன்று நாள் எட்டு அறையும் நிறையும், மறுவாரம் இரண்டு அறைதான் திறந்திருக்கும். நிறைந்த நாட்களில் பற்றாக்குறை, காலி நாட்களில் உபரி. சராசரியாகப் பரப்பும்போது இரண்டுமே அறிக்கையில் குறைவாகத் தெரியும். உங்கள் முன்பதிவுப் பதிவேட்டைக் கொடுத்து, அதன்படி சுமையைக் கட்டச் சொல்லுங்கள்.

மணிக்கணக்கு மறைக்கிற இன்னொன்று உச்சச் சுமை. மார்கழிக் காலையில் எட்டு கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 16 கிலோவாட். இருபது நிமிடம்தான் ஓடும் என்பதால் மணிவாரிக் கோப்பில் ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேலாகத்தான் தெரியும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் அந்தக் கோப்பில் தெரியவே தெரியாது. கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் நின்றுவிடக் கூடாதென்றால், அதன் அளவை இந்த அறிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உபரி 6,500 என்று வந்திருப்பதால், வாரியத்துக்குக் கொடுக்கும் வழியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிகிறது. சேர்த்திருந்தால் அது விற்பனை என்று தனியாக வந்திருக்கும். உங்களுடையது வணிக இணைப்பாகத்தான் இருக்கும், வீட்டு இணைப்பின் விதி அப்படியே பொருந்தாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்குப் பணம் போடும் முன் இதைச் செய்து பார்க்கலாம்: மோட்டாரும் துணி துவைக்கும் இயந்திரமும் காலை பதினொன்றிலிருந்து மாலை மூன்றுக்குள் ஓடட்டும். கீசருக்குப் பதில் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வையுங்கள். இந்த மாற்றங்களோடும் பதிவேட்டுச் சுமையோடும் 40 யூனிட்டுக்கு ஒன்று, 60-க்கு ஒன்று, 80-க்கு ஒன்று என மூன்று முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். மூன்றிலும் வாரியத்திலிருந்து வாங்கும் யூனிட் மாதவாரியாக வேண்டும் என்று கேளுங்கள். 40-லிருந்து 60-க்குப் போகும்போது குறைகிற அளவில் பாதிகூட 60-லிருந்து 80-க்குக் குறையவில்லை என்றால் 60-லேயே நின்றுவிடுங்கள்.