ஜப்பான் ஏலத்தில் ஆர்எக்ஸ்-7 எடுத்து ஒன்ராறியோவில் பதிவது எப்படி?

ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். 2002இல் செய்த மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றை ஜப்பான் ஏலப் பட்டியலில் பார்த்திருக்கிறார், ஏற்றுமதிக்காரர் முற்பணம் கேட்கிறார். வலப்பக்க ஸ்டியரிங் காரை இங்கே பதிவார்களா, 25 வருடம் ஆக வேண்டும் என்று சிநேகிதர்கள் சொல்வது உண்மையா, எல்லாம் சேர்த்து எவ்வளவு முடியும் என்பதுதான் கேள்வி.

தம்பி, பதிவார்கள். 25 வருடக் கணக்கு அமெரிக்காவினுடையது. கனடாவில் 15 வருடம்தான். கார் செய்யப்பட்ட மாதத்தில் இருந்து 15 வருடம் முடிந்துவிட்டால் கனடாவின் வாகனப் பாதுகாப்புத் தரங்களுக்கு அது பொருந்துகிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்எக்ஸ்-7 கடைசியாகச் செய்யப்பட்டது 2002 ஓகஸ்டில், ஆகவே இன்று ஜப்பானில் இருக்கிற எந்த ஆர்எக்ஸ்-7ஐயும் நீங்கள் சட்டப்படி கொண்டுவரலாம். ஒன்ராறியோவில் வலப்பக்க ஸ்டியரிங்குக்குத் தடை இல்லை. கியூபெக்கில் 25 வயதுக்குக் குறைந்த வலப்பக்க ஸ்டியரிங் கார்களைப் பதிவதில்லை, மொன்றியலுக்குக் குடிபோகும் யோசனை இருந்தால் அதை ஞாபகத்தில் வையுங்கள்.

ஆனால் முற்பணத்தை இன்றைக்கு அனுப்பவேண்டாம். முதலில் காப்புறுதி. ஒன்ராறியோவில் காப்புறுதி இல்லாமல் நம்பர் பிளேட் கிடையாது, வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் கையை விரிக்கிற நிறுவனங்கள் நிறைய. கார் துறைமுகத்துக்கு வந்தபிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கெஞ்சியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு தரகரைப் பிடித்து, காரின் சேஸ் இலக்கத்தையே (காரின் உடம்பில் பொறித்திருக்கிற அடையாள இலக்கம்) கொடுத்து, எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய அபூர்வ கார்களுக்கென்று இருக்கிற காப்புறுதி மலிவாக வரலாம், ஆனால் அதற்கு வீட்டில் தினமும் ஓடுகிற இன்னொரு கார், பூட்டி வைக்கக் கராஜ், வருடத்துக்கு இத்தனை கிலோமீற்றர்தான் என்ற கட்டுப்பாடு என்று நிபந்தனைகள் இருக்கும். வேலைக்குப் போய்வர இந்தக் கார்தான் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

இனி எஞ்சின். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் எடுக்கப்போவது ரோட்டரி. அதில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு சுழல்கின்றன, ஒவ்வொன்றும் 654 சிசி, கூடவே ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கிற இரண்டு டர்போ. ரோட்டரின் மூன்று முனைகளிலும் காற்றுக் கசியாமல் அடைக்கிற அபெக்ஸ் சீல்தான் இந்த எஞ்சினின் உயிர். அது தேய்ந்தால் அல்லது உடைந்தால் எஞ்சினைக் கழற்றித் திருப்பிக் கட்டவேண்டும், இங்கே ரோட்டரி தெரிந்த மெக்கானிக்குகள் குறைவு, செலவோ ஒரு சாதாரணப் பழைய காரின் விலைக்கு மேலே போகும்.

ஏலக் கூடத்தில் காரைப் பார்க்கிற பரிசோதகர் உடம்பையும் உள்ளையும் பார்ப்பார், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான். கொம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு இறுக்கமாக அமுங்குகிறது என்பதைப் பார்க்கமாட்டார். அவர் நிரப்புகிற ஏலத்தாளில் 4.5 என்று அழகாகத் தர இலக்கம் போட்டிருந்த காருக்குள் செத்துக்கொண்டிருக்கிற எஞ்சின் இருக்கலாம். சாதாரண கொம்ப்ரஷன் மீற்றரும் இதற்குச் சரிவராது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி இருக்கிறது, அது ஒரு ரோட்டருக்கு மூன்று இலக்கம் வீதம் மொத்தம் ஆறு இலக்கம் தரும். மஸ்டாவின் கணக்குப்படி நிமிடத்துக்கு 250 சுற்றில், சதுர சென்ரிமீற்றருக்கு 7.0 கிலோவுக்குக் கீழே ஒன்று இருந்தாலும் அந்த எஞ்சின் முடிந்துவிட்டது, நல்ல எஞ்சின் 8க்கு மேலே நிற்கும். நான் முதலில் பார்ப்பது அந்த ஆறும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதைத்தான். 8.2, 8.3, 8.1 என்று வந்து மற்ற ரோட்டரில் 8.0, 6.4, 8.1 என்று வந்தால், நடுவில் இருக்கிற அந்த 6.4 உங்கள் சேமிப்பைத் தின்னப்போகிற இலக்கம். ஏற்றுமதிக்காரரிடம் இந்த ஆறு இலக்கமும் எழுதிய கொம்ப்ரஷன் தாளைக் கேளுங்கள். ஏலத்தில் எடுத்தால் தரமுடியாது என்பார், அவர் சொல்வதும் சரிதான். அப்படியானால் ஜப்பானிலேயே இருக்கிற ரோட்டரிக் கடைகளில், கொம்ப்ரஷன் தாளோடு விற்கிற காரைத் தேடச் சொல்லுங்கள். விலை கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. ஏலத்தில்தான் எடுப்பேன் என்றால் எஞ்சின் திருப்பிக் கட்டுகிற காசையும் ஒதுக்கிவைத்துவிட்டு விலை கூறுங்கள்.

ஏலத்தாளை வாசிக்கிற விதமும் தெரிந்திருக்கவேண்டும். மேல் மூலையில் 5, 4.5, 4, 3.5 என்று தரம் இருக்கும், ஆர் அல்லது ஆர்ஏ என்றால் அடிபட்டுத் திருத்திய கார். கீழே காரின் படம் விரித்துப் போட்டிருக்கும், அதில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ற் அடித்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். ஏ1, யூ1 எல்லாம் இந்த வயதுக் காருக்கு வரத்தான் செய்யும். எஸ் என்பது கறள். கிலோமீற்றருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ டொலர்க் குறியோ இருந்தால் அந்த ஓட்டத்தை நம்பி விலை போடாதீர்கள். பரிசோதகர் கையால் எழுதிய ஜப்பானியக் குறிப்பை விற்கிறவர் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள், முக்கியமான சங்கதி எப்போதும் அந்தக் கிறுக்கலுக்குள்தான் இருக்கும். இன்னொன்று, ஜப்பானிய நம்பர் பிளேட்டில் ஊர்ப்பெயர் இருக்கும். சப்போரோ, நிகாட்டா என்றிருந்தால் அங்கே பனிக்கு வீதியில் உப்புப் போடுவார்கள், காருக்குக் கீழே படுத்தெடுத்த படம் வராமல் கதையே வேண்டாம்.

கப்பலுக்கு வருவோம். காரை ஓட்டி ஏற்றுகிற கப்பல் மலிவு, கொள்கலன் விலை கூட. வேறு கார் என்றால் மலிவானதையே எடுங்கள் என்பேன். ரோட்டரியை மட்டும் குளிரில் ஸ்டார்ட் பண்ணிப் பத்து மீற்றர் நகர்த்தி உடனே நிறுத்தினால் பெற்றோல் உள்ளே தேங்கி, அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது. துறைமுகத்தில் காரை அங்குமிங்கும் நகர்த்துகிறவர்கள் செய்வது அதைத்தான், நாளுக்கு எத்தனை தடவை என்று யாருக்கும் தெரியாது. கொள்கலனில் போடுங்கள். ஏற்ற முன்னர் அடிப்பக்கத்தை நீராவியால் கழுவச் சொல்லி, கழுவியதற்குப் படமும் கேளுங்கள். வெளிநாட்டு மண் ஒட்டிய வாகனத்தைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். நான் கொண்டுவந்த முதல் காரில் பின் சக்கர வளைவுக்குள் ஒரு கைப்பிடி காய்ந்த சேறு, அவ்வளவுதான், அதைக் கழுவி மறுபடி பார்த்து முடிய மூன்று கிழமை போனது, வாடகையும் என் தலையில்தான் விழுந்தது.

வரிக் கணக்கு இப்படி. காரின் விலை 40,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். சுங்கத்தீர்வை 6.1 வீதம், 2,440. குளிரூட்டிக்கு 100. இவற்றையெல்லாம் கூட்டிய தொகைக்கு ஜிஎஸ்டி 5 வீதம், 2,127. இவ்வளவும் சுங்கத்தில் கட்டுவது. மாகாணத்தின் 8 வீதம் பிறகு பதிவு செய்யும்போது, கிட்டத்தட்ட 3,400. ஆக மொத்தம் 8,000 டொலருக்குக் கொஞ்சம் மேலே. கப்பல் கூலியை விலைச்சீட்டில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள், ஜப்பானில் இருந்து இங்கே வருகிற கூலிக்குக் கனடா சுங்கத்தீர்வை போடுவதில்லை. பசிபிக் வர்த்தக உடன்பாட்டின் கீழ் ஜப்பானில் செய்த காருக்கு அந்த 6.1 வீதமும் இல்லாமல் போகலாம், அதற்கு முறையான மூலச்சான்று வேண்டும், பழைய காருக்கு அதைத் தரக்கூடிய ஏற்றுமதிக்காரரா என்று இப்போதே கேளுங்கள். விலையைக் குறைத்துச் சீட்டு எழுதித் தருகிறேன் என்று சிலர் வலிய வந்து சொல்வார்கள். வேண்டாம் தம்பி. பிடிபட்டால் காரே போய்விடும்.

பதிவுக்கு ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழின் அசல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விலைச்சீட்டு, சுங்கம் முத்திரை குத்திய இறக்குமதிப் பத்திரம், காப்புறுதி, அப்புறம் அங்கீகாரம் பெற்ற கராஜில் எடுத்த பாதுகாப்புச் சான்றிதழ். அது 36 நாள்தான் செல்லும், மற்றதெல்லாம் கையில் வந்தபிறகு எடுங்கள். அதில் விழுவது பெரும்பாலும் முந்தின சொந்தக்காரர் மாற்றிய சாமான்களால்தான். சீற் பெல்ற்றைக் கழற்றிவிட்டுப் பந்தயப் பட்டி போட்டிருப்பார், சைலன்சர் மாற்றியிருப்பார், வீதியோடு உரசுகிற அளவுக்குப் பதித்திருப்பார். கழற்றிய அசல் சாமான்கள் இருந்தால் அவற்றையும் கொள்கலனுக்குள் போடச் சொல்லுங்கள். ஜப்பானிய முன் விளக்குகள் இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்தவை, இங்கே எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், மாற்றத்தான் வேண்டும். பதிவு அலுவலகத்தில் 17 எழுத்து வாகன அடையாள இலக்கம் எங்கே என்று கேட்பார்கள். ஜப்பானியக் காரில் அது கிடையாது, சேஸ் இலக்கம்தான் உண்டு, இந்தக் காரில் அது எஃப்டி3எஸ் என்று தொடங்கி ஆறு இலக்கத்தோடு முடிந்துவிடும். எல்லாப் பத்திரத்திலும் அது ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரேமாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊரில் ஓடிப் பழகியவர் என்றால் வலப்பக்கம் உட்காருவது உங்களுக்குப் புதிதல்ல, இடக்கையால் கியர் போடுவது ஒரு நாளில் திரும்பி வரும். முந்துவதுதான் கஷ்டம். இருவழிப் பாதையில் முன்னால் ஒரு லொறி போனால் எதிரே என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் தனியாகப் போகும்போது பின்னாலேயே போங்கள்.

இன்று இரவு ஏற்றுமதிக்காரருக்கு எழுதுங்கள்: சேஸ் இலக்கம், ஏலத்தாளின் தெளிவான படம், அடிப்பக்கப் படங்கள், கொம்ப்ரஷன் தாள் இருக்கிறதா, மூலச்சான்று தருவாரா. சேஸ் இலக்கம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நேரே காப்புறுதித் தரகரிடம் போங்கள்.