வெனிஸில் இரண்டு நாள்: உறவினருடன் செல்வோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் பெற்றோரும் அத்தையும் இரண்டு குழந்தைகளுமாக ஆறு பேர் இத்தாலி செல்கிறோம். வெனிஸை ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிட முடியுமா?

பதில்: முடியும், ஆயினும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முற்பகல் முதல் மாலை வரை ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் இடைப்பட்ட சந்துகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். அந்த நெரிசலில் முதியவர் கையையும் குழந்தையின் கையையும் விடாமல் பிடித்திருப்பதிலேயே உங்கள் பொழுது கழிந்துவிடும். பகலில் வந்தவர்கள் ரயிலேறிப் போன பிறகு, கரையில் மோதும் நீரின் ஓசை மட்டும் கேட்கும் சிறு கால்வாய் ஓரமாக, யாரும் யாரையும் அவசரப்படுத்தாமல் குடும்பத்தோடு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஓர் இரவு வெனிஸ் தீவுக்குள் தங்கலாம். மேலும், 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறுகிறார்கள். 2025-இல் அது முன்கூட்டியே செலுத்துவோருக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் செலுத்துவோருக்கு 10 யூரோ. இரவு தங்குவோருக்கும் 14 வயதுக்குட்பட்டோருக்கும் இந்தக் கட்டணம் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்காமல் ஊரைப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் குறைவான வழியன்று. காரும் பேருந்தும் பியாட்சாலே ரோமா என்னும் சதுக்கம் வரைதான் வரும். அதற்கப்பால் நடை அல்லது படகு. ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன, பெரும்பாலானவற்றில் படிக்கட்டுகள். ஆகவே அறையைப் பதிவு செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், படகுத் துறையிலிருந்து விடுதி வரை எத்தனை பாலங்கள் ஏறி இறங்க வேண்டும் என்று கேளுங்கள். பெட்டியோடு இரண்டு பாலம் ஏறுவது இளையவர்களுக்கே கடினம்.

வாப்பொரெத்தோ எனப்படும் பொதுப் படகில் 1-ஆம் எண் வழித்தடம், பியாட்சாலே ரோமாவிலிருந்து பெருங்கால்வாய் முழுவதும் துறைதோறும் நின்று, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சான் மார்க்கோவை அடைகிறது. பழைய வெனிஸில் வணிகரும் விருந்தினரும் படகில்தான் வந்திறங்கினர் என்பதால், மாளிகைகளின் தலைவாசலும் அலங்காரமான முகப்பும் நீரை நோக்கியே அமைந்தன. தெருப்பக்கம் இருப்பது பெரும்பாலும் பின்வாசலே. எனவே படகில் அமர்ந்து பார்க்கும் உங்கள் தாயார்தான், நடந்து செல்வோரைவிட ஊரை அதன் முன்பக்கமாகப் பார்ப்பவர். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ என்பதால், மூன்று முறை ஏறினாலே நாள் சீட்டு ஆதாயமாகிவிடும்.

கேள்வி: காண்டோலா சவாரிக்குத் தலைக்கு எவ்வளவு?

பதில்: கட்டணம் தலைக்கன்று, படகுக்கு. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. இரவு 7 மணிக்கு மேல் 110 யூரோ. ஒரு படகில் ஐவர் வரைதான் ஏறலாம் என்பதால், ஆறு பேருக்கு இரண்டு படகு தேவைப்படும். நான் பாட்டி தாத்தாவையும் பிள்ளைகளையும் மட்டும் ஏற்றி அனுப்புவேன். கரையில் நின்று கையசைப்பவருக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு.

கேள்வி: தண்ணீரில் ஊர் எப்படி மூழ்காமல் நிற்கிறது என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: நல்ல கேள்வி. காயலின் சேற்றில் மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் பலகைகளும், உப்புநீரைத் தாங்கும், இஸ்திரியா என்னும் பகுதியின் கல்லும் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். உயிர்வளி புகாத சேற்றுக்குள் மரம் மிக மெதுவாகவே நலிகிறது. 1591-இல் முடிந்த ரியால்டோ பாலத்தின் ஒற்றை வளைவு இன்றும் அத்தகைய கழிகளின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பாலத்தருகே நிற்கும்போது இதைச் சொல்லுங்கள். அங்கேதான் அது அவன் மனத்தில் பதியும்.

கேள்வி: நவம்பரில் வெள்ளம் வருமாமே?

பதில்: இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏற்றம் உயர்வது வழக்கம், 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் வரை உயர்ந்தது. 2020 அக்டோபர் முதல், காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களில் உள்ள 78 மடைக்கதவுகள் பெரிய ஏற்றங்களைத் தடுக்கின்றன. இருப்பினும் சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வானது. சிறு ஏற்றத்திலும் அங்கு கணுக்கால் நனையலாம்.

கேள்வி: முரானோ, புரானோ தீவுகள் இரண்டுக்கும் போகலாமா?

பதில்: இரண்டு நாள் பயணத்தில் ஒன்று போதும். குழந்தைகள் இருந்தால், உருகிய கண்ணாடி உருப்பெறுவதைக் காட்டும் முரானோவே என் தேர்வு. தீ விபத்துக்கு அஞ்சி, 1291-இல் கண்ணாடி உலைகளை அங்கே மாற்றினார்கள்.

கேள்வி: அப்பா வரலாற்று ஆர்வலர். கூட்டமில்லாத ஓர் இடம் சொல்லுங்கள்.

பதில்: ரியால்டோவுக்கு அருகே கோர்த்தே செகொண்டா தெல் மிலியோன் என்றொரு சிறு முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் குடும்பம் வாழ்ந்த வீடு அந்தப் பகுதியில் இருந்தது. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பையும், குதிரைகளோடு கப்பல்கள் வந்து சேர்ந்த காயல் என்னும் பெயருடைய துறைமுகத்தையும் பற்றிச் சொன்னவர் அவர். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தந்தையாருக்கோ அங்கு நிற்பதே போதுமானதாக இருக்கும்.